மும்பையின் தாகம் தீர்க்கும் ஏழு ஏரிகள்

காலையில் ஸ்நானம் செய்யும்போது கங்கை முதல் காவேரி வரை ஏழு புண்ணிய நதிகளைச் சொம்பு ஜலத்தில் எழுந்தருளச் செய்வது நம் பெரியோர் காட்டிய வழக்கம். மும்பையில் வசிக்கும் நமக்கு அந்தச் சொம்பில் உண்மையாகவே வந்து சேரும் நீர் நிலைகளும் ஏழுதான். விஹார், துளசி, தான்ஸா, மோடக் ஸாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாத்ஸா என்பவை அவை. ஜூன் மாதம் பிறந்தால் தினசரியில் ராசிபலனுக்கு முன்பே ஏரிகளின் நீர்மட்டப் பட்டியலைப் பார்க்கும் அன்பர்கள் நம்மில் பலர் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களுக்குப் பின்னால் 160 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு சரித்திரம் இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடல் சூழ்ந்த ஊரில் தண்ணீர்ப் பஞ்சம்

மும்பை மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. ஆனால் அது ஏறக்குறைய முழுவதும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி எட்டு மாதங்களுக்குத் தேக்கி வைத்தால்தான் உண்டு.

பழைய பம்பாய் குளங்களையும் கிணறுகளையும் நம்பியே இருந்தது. இன்றும் ஊர்ப் பெயர்களில் அந்தக் குளங்கள் உயிரோடு இருக்கின்றன. தோபி தலாவ், கோவாலியா டாங்க், ஸி.பி. டாங்க், தோ டாங்கி எல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் நிறைந்திருந்த இடங்களே. ஸி.பி. டாங்க் என்பது காவஸ்ஜி படேல் என்ற பார்ஸி தனவந்தர் வெட்டுவித்த குளம். 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டம் தொடங்கிய கோவாலியா டாங்க் மைதானமும் குளத்தின் பெயரைத் தாங்கிய இடந்தான். சர்ச்கேட் அருகே 1725ல் தோண்டப்பட்ட பிக்கா பெஹ்ராம் கிணறு இன்றைக்கும் பார்ஸிகளின் வழிபாட்டுக்குரிய இடமாக இருக்கிறது. குளம் வெட்டுவதும் கிணறு தோண்டுவதும் தர்ம காரியமாகக் கருதப்பட்ட காலம் அது. அரசாங்கம் அதைத் தன் கடமையாக எண்ணவில்லை.

ஜனத்தொகை பெருகப் பெருக இந்தத் தர்மங்கள் போதவில்லை. 1850களின் நடுவில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. 1856ல் கால்நடைகளை நகரத்துக்கு வெளியே மாஹிமுக்கு அனுப்பும்படி ஆயிற்று. படகுகளில் தண்ணீர் கொண்டுவந்து நகரத்துக் கிணறுகளில் ஊற்றினார்கள். கிணற்றிலிருந்து நீரை எடுப்பதுதான் உலக வழக்கம். கிணற்றுக்கே நீர் வார்க்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் அதிகாரிகளின் பார்வை வடக்கே ஸால்ஸெட் தீவின் மலைகள் பக்கம் தீவிரமாகத் திரும்பியது.

விஹார்: முதல் ஏரி

அந்த மலைகளுக்குள் மீட்டி நதி உற்பத்தியாகும் பள்ளத்தாக்கை அணையிட்டுத் தடுத்தால் நகரத்துக்குக் குழாய் வழியே நீர் கொண்டுவரலாம் என்று விரிவான திட்டம் தந்தவர் ஹென்றி கோனிபேர் என்ற பொறியாளர். கொலாபாவில் உள்ள ஆப்கன் சர்ச்சை வடிவமைத்தவரும் இவரே. எல்ஃபின்ஸ்டன் பிரபு கவர்னராக இருந்தபோது 1856ல் வேலை தொடங்கி 1860ல் முடிந்தது. இடையில் 1857ன் கொந்தளிப்பு வந்தும் பணி நிற்கவில்லை. மூன்று அணைகள் கட்டி உருவான விஹார் ஏரியிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த நகரத்துக்கு இரும்புக் குழாயில் நீர் வந்தது. இந்தியாவில் ஒரு நகரத்துக்குக் குழாய் மூலம் குடிநீர் வழங்கிய முதல் பெரிய திட்டமாக இது கருதப்படுகிறது.

விஹார் முதலில் தந்தது நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.2 கோடி லிட்டர். 1864ல் எடுத்த கணக்கில் பம்பாயின் ஜனத்தொகை 8.16 லட்சம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 40 லிட்டருக்கும் குறைவு, அதாவது இரண்டு பெரிய பக்கெட். அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வியாபாரம் கொழித்து ஊர் வீங்கிய நேரம் அது. ஏரி திறந்து நான்கே ஆண்டுகளில் பற்றாக்குறை வந்துவிட்டது. இந்தக் கதை பின்னால் ஒவ்வொரு ஏரிக்கும் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது என்பதை வாசக அன்பர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குழாய் வந்ததும் கிணறு மறைந்துவிடவில்லை. மடி, ஆசாரம் பார்த்தவர்கள் கிணற்று ஜலத்தை விடத் தயங்கினார்கள். நம் வீடுகளிலும் இரண்டு தலைமுறைக்கு முன் பாட்டிமார்கள் குழாய்த் தண்ணீரைச் சமையலுக்கு ஒப்புக்கொள்ளாத கதைகளைக் கேட்டிருக்கிறோம். 1911ல் டாக்டர் பென்ட்லி என்பவர் பம்பாயின் மலேரியா பற்றி ஓர் அறிக்கை தந்தார். நகரத்துக் கிணறுகளில்தான் அந்தக் கொசு வளர்கிறது என்று அவர் காட்டியதை அடுத்து, கிணறுகளை மூடும்படி உத்தரவுகள் வந்தன. பார்ஸிகளும் ஹிந்துக்களும் மதக் காரணங்களைக் காட்டி எதிர்த்தார்கள். எனினும் பெரும்பாலான கிணறுகள் மறைந்தன. அன்று முதல் நகரம் தன் காலடியில் இருந்த நீரை மறந்து, மலையில் இருக்கும் நீரை மட்டும் நம்பத் தொடங்கியது.

துளசியும் பவாயும்

விஹாருக்கு வடக்கே, அதே மலைக்குள் சற்று மேலே இருக்கிறது துளசி ஏரி. 1870களின் தொடக்கத்தில் தாஸோ ஓடையின் நீரை விஹாருக்குத் திருப்பினார்கள். பின்னர் 1879ல் தனி ஏரியாகவே நிறைவு செய்தார்கள். நகராட்சிப் பொறியாளர் ரியன்ஸி வால்டன் இதில் முன்னின்றவர்.

விஹார் இருக்கும்போது சிறிய துளசி எதற்கு என்று கேட்கலாம். விஞ்ஞானம் படித்த எவரும் விடையை எளிதில் ஊகிக்கலாம். விஹாரின் முழு நீர்மட்டம் இன்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர். துளசியின் மட்டம் சுமார் 139 மீட்டர். நீண்ட குழாயில் நீர் ஓடும்போது உராய்வினால் அதன் அழுத்தம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் மேட்டு நிலத்தில் ஏறப் போதிய விசை இராது. உயரத்தில் இருந்த துளசியின் நீர்தான் பம்பு இல்லாமலேயே மலபார் ஹில்லுக்கு ஏறியது. அந்த மலையில் கட்டிய நீர்த்தொட்டியின் மேல்தான் 1880களில் ஹாங்கிங் கார்டன் அமைந்தது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை நாம் அங்கே அழைத்துப் போய், கத்தரித்த செடிகளில் யானையையும் ஒட்டகத்தையும் காட்டுகிறோம். காலுக்குக் கீழே பல கோடி லிட்டர் நீர் இருப்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. 2023ல் இந்தத் தொட்டியை இடித்துப் புதிதாகக் கட்டும் யோசனை வந்தபோது அப்பகுதி மக்கள் திரண்டு எதிர்த்ததனால் செய்தித்தாள்களில் அதன் பெயர் அடிபட்டது.

மூன்றாவது ஏரி பவாய். 1890ஐ ஒட்டிப் பஞ்சம் பயமுறுத்திய நேரத்தில் அவசரமாகக் கட்டப்பட்டது. இந்த நிலம் முன்னர் ஃப்ராம்ஜி காவஸ்ஜி என்ற பார்ஸி வள்ளலின் பண்ணையாக இருந்தது. நகரத்தில் கிணறு தோண்டி மக்களுக்கு நீர் கொடுத்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். அவருடைய நிலத்தில் அமைந்த ஏரி குடிநீருக்குப் பயன்படாமல் போனது விதியின் விளையாட்டு. பவாயின் நீர் தரமாக இல்லை. அதற்குள் தான்ஸா நீரும் வந்துவிட்டதால் பவாயைக் கைவிட்டார்கள். இன்று அது 545 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட அழகுக் காட்சி மட்டுமே. குடிப்பதற்கல்லாத உபயோகங்களுக்குக் கொஞ்சம் நீர் எடுக்கிறார்கள். 1958 முதல் ஐ.ஐ.டி. அதன் கரையில் இருக்கிறது. இருந்தும் கழிவுநீரும் ஆகாயத்தாமரையும் ஏரியை மூடிக்கொண்டே வந்திருக்கின்றன. ஏரியைச் சுற்றி சைக்கிள் பாதை போடும் திட்டத்தை 2022ல் பம்பாய் உயர்நீதிமன்றம் சட்டவிரோதம் என்று நிறுத்தியது. குடிநீர் தரும் ஏரிக்குக் காவல் உண்டு. தராத ஏரிக்கு நாதி இல்லை. பவாய் கற்றுத்தரும் பாடம் இது.

விஹாரும் துளசியும் தப்பியதற்குக் காரணம் அவற்றைச் சுற்றியுள்ள காடு. நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதனால் அந்த நிலத்தில் குடியேற்றம் தடுக்கப்பட்டது. அதுவே பின்னர் போரிவலி தேசியப் பூங்காவின், அதாவது இன்றைய ஸஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின், நடுப்பகுதியாயிற்று. சுமார் 103 சதுர கிலோமீட்டர் காடு ஒரு மாநகரத்துக்குள் இருப்பது உலகில் அபூர்வம். ஏரியைக் காடு காத்தது. காட்டை ஏரி காத்தது.

அந்தக் காட்டுக்குள் இருக்கும் கான்ஹேரி குகைகளுக்குச் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட குகைகளில் ஏறக்குறைய ஒவ்வொன்றின் பக்கத்திலும் பாறையில் வெட்டிய ஒரு நீர்த்தொட்டி இருக்கும். பாறைமீது விழும் மழைநீரைச் சிறு வாய்க்கால்கள் வழியே அதில் இறக்கியிருக்கிறார்கள். பௌத்த பிக்ஷுக்கள் பல நூற்றாண்டுகள் அங்கே வாழ்ந்தது இந்த மழைநீரைக் கொண்டுதான். குகை வெட்டிக் கொடுத்தவர்களும் தொட்டி வெட்டிக் கொடுத்தவர்களும் தங்கள் தானத்தைக் கல்வெட்டில் பொறித்திருக்கிறார்கள். ஆங்கிலேயர் விஹாருக்கு அளவெடுக்க வந்ததற்குப் பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே அதே மலையில் நீர்த்தேக்கம் நடந்திருக்கிறது.

தூரம் கூடியது

பக்கத்து மலைகள் போதாமல் போனபோது நகரம் ஸஹ்யாத்ரி அடிவாரத்துக்குக் கை நீட்டியது. சுமார் 90 கிலோமீட்டருக்கு அப்பால் தான்ஸா நதியின் குறுக்கே ஏறக்குறைய இரண்டு மைல் நீளமான கல் அணை எழும்பியது. 1892ல் வைஸ்ராய் லான்ஸ்டௌன் பிரபு அதைத் திறந்து வைத்தார். நம் அன்பர்கள் பலர் தரிசனத்துக்குச் செல்லும் கணேஷ்புரி, வஜ்ரேஸ்வரி பக்கம் ஓடுவது இந்தத் தான்ஸா நதிதான். வெந்நீர் ஊற்றுக் குண்டங்கள் அதன் கரையில் இருக்கின்றன. இங்கும் பம்பு கிடையாது. ஏரி உயரத்தில் இருப்பதால் புவியீர்ப்பே நீரை நகரத்துக்கு இழுத்து வருகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு வைதர்ணா நதியின் முறை வந்தது. 1957ல் முடிந்த கீழ் வைதர்ணா அணையின் ஏரிக்கு மாநகராட்சிப் பொறியாளர் என்.வி. மோடக்கின் பெயரை வைத்தார்கள். ஒரு பொறியாளர் பெயரால் நாள்தோறும் நினைவுகூரப்படும் ஏரி நாட்டில் அதிகம் இல்லை. 1973ல் மேல் வைதர்ணா வந்தது. 2014ல் நடு வைதர்ணா வந்தது. அதன் அணை 100 மீட்டருக்கும் மேல் உயரமானது.

வைதர்ணா என்ற பெயரைக் கேட்டதும் நமக்கு வைதரணி நதியும் கோதானமும் நினைவுக்கு வரும். உயிர் பிரிந்தபின் கடக்க வேண்டிய நதியின் பெயர் கொண்ட ஆறு இங்கே உயிர் வாழ வைக்கிறது. இந்த நதி தோன்றுவது திரயம்பகேஸ்வரத்தை ஒட்டிய மலைகளில். அங்கேயே பிறக்கும் கோதாவரி கிழக்கு நோக்கி ஆந்திரம் வரை போகிறாள். வைதர்ணா மேற்கு நோக்கி இறங்கி நம் வீட்டுக் குழாய்க்கு வருகிறாள்.

எல்லாவற்றிலும் பெரியது 1980களில் பயனுக்கு வந்த பாத்ஸா. ஏழு ஏரிகளின் மொத்தப் பயன்பாட்டுக் கொள்ளளவு சுமார் 1,44,736 கோடி லிட்டர். இதில் பாத்ஸா ஒன்றே 71,703 கோடி, அதாவது ஏறக்குறையப் பாதி. முதல் ஏரியான விஹார் 2,770 கோடி, துளசி 805 கோடி. இரண்டும் சேர்ந்து இன்று நூற்றுக்கு இரண்டரை பங்குதான். பாத்ஸா நீர் நதியில் விடப்பட்டு, கீழே பிஸே என்ற இடத்தில் பம்பு வைத்து எடுக்கப்பட்டு, பாஞ்ஜ்ராபூரில் சுத்தமாகி வருகிறது. பிஸேயில் மின்சாரம் நின்றால் நகரத்தில் குழாய் நிற்கும். தான்ஸாவைக் கட்டியவர்களுக்கு இந்தக் கவலை இருந்ததில்லை.

கணக்கு சொல்லும் உண்மை

இப்போது நகரம் நாளொன்றுக்குப் பெறுவது ஏறத்தாழ 385 கோடி லிட்டர். 1860ல் விஹார் தந்ததைப்போல் 120 மடங்கு. ஏழு ஏரிகளும் நிரம்பினால் உள்ள இருப்பை இதனால் வகுத்துப் பாருங்கள். 376 நாட்கள் வரும். ஆவியாகப் போவதையும் கழித்தால், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே சரியாக ஓராண்டு. அக்டோபர் முதல் தேதி ஏரிகள் நிரம்பியிருக்கின்றனவா என்று மாநகராட்சி கணக்குப் பார்ப்பது இதனால்தான். 2009ல் மழை குறைந்தபோது வெட்டு வந்தது. 2024 ஜூனிலும் வந்தது. நம்மிடம் ஒரு வருஷத்துச் சேமிப்புத்தான் உண்டு. இரண்டாவது வருஷத்துக்கு வங்கியில் ஒன்றும் இல்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. அனுப்பும் நீரில் கால் பங்குக்கும் மேல் கசிவிலும் திருட்டிலும் போகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. கால் பங்கு என்றே வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 96 கோடி லிட்டர். இதற்கிடையில் பால்கர் மாவட்டத்தில் கார்காய் நதியில் எட்டாவது அணை கட்டும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அது தரக்கூடியது நாளுக்கு 44 கோடி லிட்டர். அதற்காகத் தான்ஸா சரணாலயத்தின் காட்டுப் பகுதியும் சில ஆதிவாசி கிராமங்களும் நீரில் மூழ்க வேண்டும். கசிவைப் பாதியாகக் குறைத்தாலே 48 கோடி லிட்டர் மிச்சமாகும். அந்த அணையே தேவைப்படாது. அரசுப் பணியில் பல ஆண்டுகள் திட்டக் கோப்புகளைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். புதிய அணைக்கு அடிக்கல் நாட்டலாம், விழா எடுக்கலாம். பழைய குழாயில் ஓட்டை அடைப்பதற்கு யாரும் மாலை போட மாட்டார்கள். ஆகவே அது பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

இதில் நியாயம் பற்றிய கேள்வியும் இருக்கிறது. தான்ஸாவும் பாத்ஸாவும் மோடக் ஸாகரும் தாணே மாவட்டத்து ஷாஹாபூர் தாலுகாவைச் சேர்ந்தவை. ஒவ்வொரு கோடையிலும் அதே தாலுகாவின் பல கிராமங்களுக்கு டாங்கரில் தண்ணீர் போகிறது. ஏரியைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் இருக்கும் ஆதிவாசிப் பெண்கள் தலையில் குடங்களை அடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள். 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாம் ஷவரைத் திறந்து விட்டுவிட்டுச் சோப்பு தேடுகிறோம். காவேரிக்கும் வைகைக்கும் வரப்புச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இதன் கனம் புரியாமல் இராது.

நகரத்துக்குள்ளேயும் ஏரிகள் தங்கள் கணக்கைத் தீர்த்துக்கொள்கின்றன. துளசி வழிந்தால் விஹாருக்கு வரும். விஹாரும் பவாயும் வழிந்தால் மீட்டி நதியில் இறங்கி மாஹிம் கடலுக்குப் போகும். 2005 ஜூலை 26 அன்று ஸாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது அந்த நதிக்குப் போக வழியில்லை. கட்டடங்களும் குப்பையும் அதைச் சுருக்கிவிட்டிருந்தன. அன்று கழுத்தளவு நீரில் நடந்து வீடு திரும்பியவர்கள் நம் அங்கத்தினர்களிலும் இருக்கிறார்கள். மலையில் மழை பெய்யும்போது அதற்கு உரிய பாதையை விட்டு வைக்க வேண்டும் என்பதை அந்த நாள் நமக்கு உணர்த்தியது.

நாம் செய்யக்கூடியது

மும்பையில் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2002 முதல் கட்டாயம். பல ஸொஸைட்டிகளில் அது வரைபடத்தோடு சரி. நம் அன்பர்கள் பலர் தங்கள் ஸொஸைட்டிகளில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருக்கிறார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வண்ணம் பூசுவதைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசும்போது, மழைநீர்க் குழாய் வேலை செய்கிறதா என்று ஐந்து நிமிஷம் கேட்கலாம். மூடிக் கிடக்கும் பழைய கிணறு இருந்தால் தூர்வாரித் தோட்டத்துக்கும் கார் கழுவவும் அந்த நீரைப் பயன்படுத்தலாம். மாடித் தொட்டி வழிந்தால் வாட்ச்மேனைக் கூப்பிடுவதோடு நில்லாமல் மிதவை வால்வை மாற்றலாம்.

குழந்தைகளை ஒரு முறை கான்ஹேரிக்கு அழைத்துச் செல்லுங்கள். குகைகளுக்கு மேலே ஏறி நின்றால் பச்சைக் காட்டின் நடுவே ஏரி தெரியும். காலடியில் பிக்ஷுக்களின் கல்தொட்டி இருக்கும். குழாய் நீர் எங்கிருந்து வருகிறது என்று அங்கே நின்று சொன்னால் அவர்கள் மறக்க மாட்டார்கள். தாம் வாழ்ந்த இடத்தில் விழுந்த மழையைத் தாமே பிடித்து வைத்தவர்கள் அந்தப் பிக்ஷுக்கள். ஊர் ஊராகப் போய் நீரைக் கொண்டுவந்தவர்கள் நாம். எட்டாவது ஏரியைத் தேடிப் போவதற்கு முன், இந்த ஏழிலிருந்து வருவதைச் சிந்தாமல் காப்பதற்கு நகரம் கற்றுக்கொண்டால் நல்லது.